நானுஓயா பிள்ளைக்குப் பொருந்தும் குருத்தணு எங்கே?

இலங்கை மலையகத்தின் நானுஓயாத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால், லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து மகரகம அபேக்‌ஷா மருத்துவமனை வரை அலைய வேண்டும். பல பிள்ளைகள் மருந்திலேயே குணமாகிறார்கள். நோய் திரும்பினாலோ மருந்துக்கு மசியாவிட்டாலோதான், இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை மாற்றும் சிகிச்சை.

எப்படிச் செய்கிறார்கள்? கடும் மருந்தால் நோயுற்ற எலும்பு மச்சையை அழித்துவிட்டு, கொடையாளியின் குருத்தணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல் நாளத்தில் ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறி, சில வாரங்களில் புது இரத்த அணுக்களை உருவாக்கும். சிகிச்சையின் உண்மையான பலம் இதற்குப் பிறகுதான்: புதிய வெள்ளை அணுக்கள் எஞ்சிய புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன. ஆனால் அதே அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கலாம். இந்த மாற்றுச் சிகிச்சைக்கு வழிகண்ட டொனால் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏன் பொருத்தம் பார்க்கிறார்கள்? அந்தத் தாக்குதலைக் குறைக்கத்தான். எச்.எல்.ஏ. எனும் அணு அடையாளங்கள் கூடப்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்த 25% வாய்ப்பே உண்டு. பொருந்தாவிட்டால், ஒரே பூர்வீகம் கொண்டவர்களிடம் தேடுவதே பலன் தரும். மலையகத் தமிழரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டு முதல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். எனவே நானுஓயாப் பிள்ளைக்குப் பொருந்துபவர் திருச்சியிலோ மதுரையிலோ இருக்கலாம். சென்னையில் தாத்ரி கொடையாளர் பதிவகம் 2009 முதல் இயங்குகிறது. தமிழக இளைஞர்களே, உட்கன்னத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி கொடுத்தால் போதும், பதிவு செய்யுங்கள்.