முதிய பூனையும் மணல் தொட்டியும்: மருத்துவச் செலவுக்கு ஒரு முன்திட்டம்

பத்து ஆண்டுகளாக மணல் தொட்டியைத் தவறாமல் பயன்படுத்திவந்த பூனை, திடீரென ஒரு நாள் மிதியடியின் மீதோ துவைத்து மடித்த துணியின் மீதோ சிறுநீர் கழித்தால், வீட்டில் முதலில் எழுவது சினமே. பிடிவாதம் என்று அதட்டுகிறோம். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ கட்டி வைக்கிறோம். சில இல்லங்களில் அதை வெளியே விட்டுவிடும் அளவுக்கும் நிலைமை முற்றிவிடுகிறது. ஆனால் முதிய பூனையின் இந்த மாற்றம் பெரும்பாலும் நோயின் அறிகுறி. அதைக் காலத்தே உணர்ந்தால் பூனையின் ஆயுளும் நீடிக்கும், நமது செலவும் கட்டுக்குள் நிற்கும். உணரத் தவறினால், முன்னறிவிப்பின்றி ஓர் இரவில் பெருந்தொகையைத் தேடவேண்டிய நிலை வரலாம்.

பூனையின் முதுமை

பூனை பத்து வயதைக் கடந்தால் அதை முதியதாகக் கருதுவது கால்நடை மருத்துவர்களின் வழக்கம். 15 வயதுப் பூனை ஏறத்தாழ 76 வயது மனிதருக்கு ஒப்பானது. வலியை மறைப்பது பூனையின் இயல்பு என்பதால், அதன் முகத்தைப் பார்த்து நோயை அறிவது கடினம். தொட்டியில் கிடைக்கும் தடயங்கள் அதைவிடத் தெளிவானவை.

சிறுநீர்க் கட்டிகள் முன்னைவிடப் பெரியனவாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருந்தால், சிறுநீரகக் குறைபாடு, நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய மூன்றையும் ஐயுற வேண்டும். இவற்றுள் முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது நாட்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரகத்தின் செயல்திறனில் மூன்றில் இரு பங்கு குறைந்த பின்னரே சிறுநீர் நீர்த்துப்போகத் தொடங்குகிறது. நான்கில் மூன்று பங்கு குறைந்த பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்கிறது. ஆகவே, பூனை சோர்ந்து படுக்கும் வரை காத்திருப்பது மிகவும் தாமதமான முடிவாகும்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால் தைராய்டுப் பரிசோதனை தேவை. நான்கு கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் ஆறு கிலோ இழப்பதற்குச் சமம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைப்பது செலவில்லாத சோதனை.

தொட்டிக்கு அருகிலேயே, ஆனால் தொட்டிக்கு வெளியே மலம் கழித்தால் மூட்டுவலி காரணமாக இருக்கலாம். 12 வயதைக் கடந்த பூனைகளுள் மிகப் பெரும்பாலானவற்றின் எக்ஸ்ரே படங்களில் மூட்டுத் தேய்மானம் தென்படுகிறது. உயரமான விளிம்பைத் தாண்டுவது அவற்றுக்கு வேதனை தரும் செயல்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கலாகாத நிலை

ஆண் பூனை அடிக்கடி தொட்டிக்குச் சென்று, முக்கி முனகி, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால் அது அவசர நிலை. மலச்சிக்கல் என்று எண்ணி வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருத்தல் ஆபத்து. சிறுநீர்ப் பாதை அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் உயிரிழப்பு நேரலாம். அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் இங்கே தேவை. வலிக்காகவோ காய்ச்சலுக்காகவோ நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கக்கூடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவையும் தீங்கானவையே.

தொட்டியில் செய்யக்கூடிய மாற்றங்கள்

மருத்துவப் பரிசோதனையோடு சேர்த்துச் சில எளிய மாற்றங்களையும் செய்யலாம். ஒரு பூனைக்கு இரு தொட்டிகள், இரு பூனைகளுக்கு மூன்று என்பது பொதுவான கணக்கு. தொட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருத்தல் நன்று. இதற்கென விலையுயர்ந்த தொட்டி வாங்கவேண்டியதில்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்தால் போதும்.

நறுமணம் சேர்க்காத, நீர்பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண்ணையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில் இக்களிமண் பெருமளவில் வெட்டியெடுக்கப்படுகிறது. நாள்தோறும் இருமுறை கட்டிகளை அள்ளினால், அவற்றின் எண்ணிக்கையும் அளவும் தாமாகவே நம் கவனத்துக்கு வரும். உணவுத் தட்டுக்கு அருகிலோ, சலவை இயந்திரம்போல் ஒலியெழுப்பும் பொருளுக்கு அருகிலோ தொட்டியை வைத்தல் கூடாது. பூனை அசுத்தம் செய்த இடத்தைப் பினாயிலால் துடைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சு. சிறுநீர் வாடையைச் சிதைக்கும் நொதிக் கரைசல்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன.

செலவை மூன்றாகப் பிரித்தல்

முதிய பூனைக்கான செலவை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் திட்டமிடல் எளிதாகும். முதலாவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய பரிசோதனை. இரத்தம், சிறுநீர், தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவை இதில் அடங்கும். இரத்த அழுத்தத்தைக் கவனியாது விட்டால், விழித்திரை பிரிந்து பூனை ஒரே நாளில் பார்வை இழக்கக்கூடும். இரண்டாவது, மாதந்தோறும் வரும் மருந்து, பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு, தேவைப்பட்டால் தோலுக்கடியில் ஏற்றும் திரவம் ஆகியவற்றின் செலவு. மூன்றாவது, அவசர சிகிச்சை.

கட்டணங்கள் ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். கணக்கிடும் முறையைக் காட்ட, கற்பனையான தொகைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பரிசோதனைக்கு ரூ.3,500 எனில் ஆண்டுக்கு இருமுறையாக ரூ.7,000. அவசர சிகிச்சைக்கு ரூ.25,000. ஆக ரூ.32,000 நமது கையிருப்பில் இருத்தல் வேண்டும். மாதந்தோறும் வரும் மருந்தும் உணவும் ரூ.2,500 எனில், அதைக் குடும்பத்தின் மாத வரவு செலவிலேயே ஒரு தலைப்பாகச் சேர்ப்பது முறை. உங்கள் ஊர் மருத்துவமனையில் விலைப்பட்டியலைக் கேட்டு, இத்தொகைகளுக்குப் பதிலாக உண்மைத் தொகைகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளையும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், மும்பை பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்குகள் மருத்துவமனையும் நெடுங்கால அனுபவம் கொண்டவை. நீங்கள் வாழும் நகரில் இத்தகைய இடம் எது, அது இரவில் இயங்குமா என்பதை முன்னரே விசாரித்து எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

பணத்தை எங்கே வைப்பது?

'சிறு துளி பெரு வெள்ளம்' என்பது இங்கே அப்படியே பொருந்தும். பூனைக்கு எட்டு அல்லது ஒன்பது வயதாகும்போது மாதம் ரூ.1,000 வீதம் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால், 36 மாதங்களில் அசல் மட்டுமே ரூ.36,000 ஆகும், வட்டி தனி. மேற்கண்ட ரூ.32,000 தேவையை இது நிறைவு செய்துவிடுகிறது. முதிர்ந்த தொகையை ஒரே வைப்பாக இடாமல், ரூ.12,000 வீதம் மூன்று நிலை வைப்புகளாகப் பிரித்தால், அவசரத்தில் ஒன்றை மட்டும் முறித்து மற்ற இரண்டின் வட்டியைக் காக்கலாம். வைப்பை முறிக்காமல் அதன் மீது கடன் பெறுவதும் ஒரு வழி. அதற்கான வட்டி, பொதுவாக வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு விழுக்காட்டுப் புள்ளிகளே கூடுதல்.

இதற்கு மாறாக, அவசரத் தொகை ரூ.25,000-ஐக் கடன் அட்டையில் செலுத்தி, உரிய நாளில் தீர்க்க இயலாமல் போனால் என்ன ஆகும்? மாதம் 3.5 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், ஒரு மாத வட்டி ரூ.875. அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.1,032.50. முன்னர் சேமிப்பாகச் செலுத்தியிருக்கக்கூடிய மாதத் தவணையைவிட மிகுதியான தொகை, அசல் சிறிதும் குறையாமல், வட்டியாகவும் வரியாகவும் மட்டும் போய்விடுகிறது.

காப்பீடும் வரியும்

செல்லப்பிராணிக் காப்பீடு நம் நாட்டில் கிடைத்தாலும், அதில் சேர்வதற்கு வயது வரம்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு இழப்பீடு கிடைப்பதும் அரிது. எனவே பூனை இளமையாக இருக்கும்போதே விசாரிப்பது பயன் தரும். முதிய பூனைக்குப் பாலிசி வாங்குமுன், எந்த வயது வரை புதுப்பிக்கலாம், எந்நோய்கள் விலக்கப்பட்டுள்ளன, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்து வடிவில் பெற வேண்டும். குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு பூனைக்குப் பொருந்தாது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வருமான வரியில் வழங்கப்படும் கழிவும் பூனைக்கான செலவுக்குக் கிடையாது.

முன்கூட்டியே பேசவேண்டியது

எல்லா நோயும் குணமாவதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோயைக் கட்டுப்படுத்தலாமே தவிர நீக்க இயலாது. எந்த அளவுக்குச் சிகிச்சை, எப்போது வலி நீக்கத்தோடு நிறுத்துவது, அமைதியான முடிவை எப்போது வேண்டுவது என்பவற்றை மருத்துவரிடமும் குடும்பத்தினரிடமும் பூனை நலமாக இருக்கும்போதே பேசுவது நல்லது. கையில் ஒதுக்கிய தொகை இருந்தால், அம்முடிவைப் பணமில்லாக் குறையால் எடுக்கவேண்டி வராது. பூனையின் நலன் ஒன்றையே கருதி எடுக்கலாம்.

இந்த வாரம் செய்யக்கூடியவை மூன்று: பூனையின் எடையைப் பார்த்துக் குறித்துவையுங்கள், இரவில் இயங்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைத் தேடி வையுங்கள், அருகிலுள்ள கிளையிலோ கைபேசிச் செயலியிலோ தொடர் வைப்பின் இன்றைய வட்டி விகிதத்தைக் கேட்டறியுங்கள்.