குகைகள்: காண்போர் கவனத்திற்கு

குகை என்ற சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதிவரும் ‘அல் கஹ்ஃபு’ அத்தியாயத்தின் பெயரே குகை என்பதுதான். திருக்குர்ஆனின் முதல் வசனங்கள் அருளப்பெற்றது ஹிரா குகையில். ஹிஜ்ரத்தின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மூன்று இரவுகள் தங்கியிருந்தது தவ்ர் குகையில்.

இன்று உலகின் பல நாடுகளில் உள்ள குகைகளைக் காண மக்கள் இலட்சக்கணக்கில் செல்கின்றனர். நம் குடும்பங்களும் விடுமுறைக் காலங்களில் செல்கின்றன. அங்கே நாம் காண்பது என்ன? அது எவ்வாறு உருவானது? காணச் செல்வோர் பேண வேண்டிய ஒழுங்குகள் யாவை? இவற்றை அறிந்து செல்வதே பயனுள்ள பயணமாகும்.

குகை உருவாகும் விதம்

உலகின் பெருங்குகைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக்கல் பாறைகளில் அமைந்தவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகின்றது. அந்த நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. பல இலட்சம் ஆண்டுகளில் வெடிப்பு பாதையாகவும், பாதை மண்டபமாகவும் விரிகின்றது.

பின்னர் கூரையிலிருந்து நீர் சொட்டும்போது அதிலுள்ள வாயு வெளியேறி, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் படிகின்றது. மேலிருந்து தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து எழுவது கல்முளை. இவை வளரும் வேகம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. அவ்வாறெனில் ஒரு சாண் நீளமுள்ள கல்விழுது உருவாக ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் வேண்டும். அதை ஒடிப்பதற்கோ ஒரு நொடி போதும்.

காணத்தக்க சில குகைகள்

நமக்கு அண்மையில் இருப்பது ஆந்திரப் பிரதேசத்தின் பேலம் குகை. 3,229 மீட்டர் நீளமுள்ள இக்குகையை 1884இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேய நில ஆய்வாளர் பதிவு செய்தார். 2002 முதல் பொதுமக்கள் இதன் ஒரு பகுதியைக் கண்டு வருகின்றனர்.

லெபனானின் தலைநகர் பெய்ரூட்டுக்கு வடக்கே ஜெய்த்தா குகை உள்ளது. மேலும் கீழுமாக இரு குகைகள் கொண்ட இதன் கீழ்ப்பகுதியில் ஆறு ஓடுகின்றது; அங்கே படகில் செல்வார்கள். பெய்ரூட் மக்களின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஊற்றிலிருந்தே கிடைக்கின்றது. குகையில் அழுக்குச் சேர்ந்தால் அது யாருடைய குவளையைச் சென்றடையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகையே இதுவரை அளக்கப்பட்ட குகைகளில் மிக நீளமானது; அதன் பாதைகள் 680 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. வியட்நாமின் சோன் தூங் குகையோ பருமனில் பெரியது. அதன் கூரை சில இடங்களில் 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. காட்டில் மழைக்கு ஒதுங்க இடம் தேடிய ஹோ கான் என்ற உள்ளூர்வாசி அதன் வாயிலைக் கண்டார். 2009இல் பிரித்தானியக் குகை ஆய்வாளர்களுக்கு அவரே வழிகாட்டினார். அக்குகையின் நலன் கருதி, ஆண்டுக்குச் சுமார் 1,000 பேருக்கே அங்கு அனுமதி வழங்கப்படுகின்றது.

மூச்சுக் காற்றே கேடாகுமா?

இத்தகைய கட்டுப்பாடு ஏன் என்று கேட்போருக்கு பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகை விடை கூறும். ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் காளை, குதிரை, மான் ஆகியவற்றை அதன் சுவர்களில் தீட்டியிருந்தனர். 1940 செப்டம்பரில் நான்கு சிறுவர்கள் அதைக் கண்டுபிடித்தனர். 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

அவர்களில் யாரும் ஓவியங்களை அழிக்க எண்ணி வந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும், உடலின் வெப்பமும், கரியமில வாயுவும் மூடிய குகைக்குள் சேர்ந்தன. விளக்கொளியில் பச்சைப் பாசி படர்ந்தது. சுவரில் வெண்மையான சுண்ணாம்புப் படலம் தோன்றியது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் கெடாமல் இருந்தவை பதினைந்தே ஆண்டுகளில் கெடத் தொடங்கின. 1963இல் குகை மூடப்பட்டது. இன்று மக்கள் காண்பது அருகிலேயே அமைக்கப்பட்ட அதன் நகலைத்தான்.

காலணியின் கதையும் இதுவே. 2006இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் வௌவால்களின் மூக்கில் வெண்பூஞ்சை காணப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்நோய் பல இலட்சம் வௌவால்களைக் கொன்றது. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் உயிரினங்கள் அவை. பூஞ்சை மனிதரின் காலணியிலும் உடையிலும் ஒட்டிப் பரவக்கூடும் என்பதால், மாமத் குகையைப் பார்த்துத் திரும்புவோர் மருந்திட்ட விரிப்பின் மீது நடந்தே வெளியேற வேண்டும்.

உயிரைக் காப்பதும் கடமை

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சென்றனர். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 10க்குள் அனைவரும் மீட்கப்பட்டனர் எனினும், மீட்புப் பணியில் சமன் குணன் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிர் நீத்தார். வெளியே பெய்யும் மழை குகையின் உள்ளே எப்போது வெள்ளமாக வந்து சேரும் என்பதை நின்ற இடத்திலிருந்து அறிய இயலாது. எனவே மழைக்காலத்தில் குகைப் பயணத்தைத் தவிர்த்தல் வேண்டும். வழிகாட்டி இன்றி நுழையலாகாது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கு தேவை. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வெளியே ஒருவரிடம் கூறிச் செல்வது அவசியம். ஆஸ்துமா, இதய நோய் உள்ள பெரியவர்களை ஆழமான, காற்றோட்டம் குறைந்த குகைகளுக்கு அழைத்துச் செல்லாதிருப்பது நலம்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

கல்விழுதுகளைத் தொடக் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை படிந்தால், நீரில் வரும் சுண்ணாம்பு அவ்விடத்தில் சரிவரப் படியாது, நிறமும் மாறும். நினைவுக்கென ஒரு துண்டையும் எடுத்து வரலாகாது. உணவுப் பொருளையும் குப்பையையும் உள்ளே விடக் கூடாது. வௌவால்கள் உறங்கும் இடத்தில் உரத்துப் பேசலாகாது. சுவரில் பெயர் எழுதுதல் அறவே கூடாது.

இந்த இறுதிச் செய்தி மக்காவுக்குச் செல்வோருக்கும் பொருந்தும். ஹிராவுக்கு ஏறுவது ஹஜ், உம்ராவின் கிரியைகளில் அடங்கியதன்று. ஆயினும் ஆர்வத்தால் பலர் ஏறுகின்றனர். அங்கே பாறையில் பெயரைத் தீட்டுவதும், குடித்த நீர்ப்புட்டியை வீசி வருவதும் நேசத்தின் அடையாளம் ஆகா.

பூமியில் உள்ளவை மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை நாம் மேடைகளில் கேட்கின்றோம். லாஸ்கோவைக் கெடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர், அறியாதவர்கள். இன்று நாமோ அறிந்திருக்கின்றோம். குகை வாயிலில் நம் பிள்ளைகளுக்கு ‘பார்’ என்று சொல்லும்போதே ‘தொடாதே’ என்றும், அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம். அவர்களின் பிள்ளைகளும் அதே கல்விழுதைக் காணும் வாய்ப்பைப் பெறட்டும்.