வாடைக்காற்றும் மன்னார்த் தீவும்

வன்னி மக்களுக்குத் துவிச்சக்கரவண்டி புதியதொன்றன்று. எரிபொருள் வராது தடைப்பட்ட போர்க்காலத்தில் நோயாளியையும் நெல்மூட்டையையும் சுமந்தது அதுவேயன்றோ? ஆயினும், ஓரிடத்தின் இயல்பை அறிவதற்கும் அதுவே தக்க ஊர்தி என்பதை, தை மாதத்து ஒரு நாளில், மன்னார்த் தீவிலேதான் நான் உணர்ந்தேன்.

மாங்குளத்தில் வண்டியை நண்பர் ஒருவரின் லொறியில் ஏற்றி, மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம், விடத்தல்தீவு வழியாகச் சென்று, திருக்கேதீச்சரத்தில் இரவைக் கழித்தேன். விடியற்காலையில் தீவுக்குச் செல்லும் தாம்போதியில் மிதிக்கத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்பட்டது காற்றுத்தான்.

இதனை வாடை என்கிறோம். மாரி காலத்தில் ஆசியாவின் பெருநிலப்பரப்புக் குளிர்ந்துவிடுகின்றது. தென்கடலோ வெப்பம் குன்றாதிருக்கின்றது. குளிர்ந்து கனத்த காற்று கடலை நோக்கிப் பாய்கையில், பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, வடகிழக்குக் காற்றாக நம்மை வந்தடைகின்றது.

வாடை வீசும் காலத்திலேயே வட நாடுகளிலிருந்து புள்ளினங்களும் வருகின்றன. தாம்போதிக்கு அருகிலுள்ள வங்காலை நீர்ப்பரப்பு 2008 இல் பறவைகளின் சரணாலயமாகவும், 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மோட்டார் வண்டியில் விரைவோருக்குத் தொலைவில் ஒரு வெண்கோடாகத் தோன்றுவது, வண்டியை நிறுத்தி நோக்குவோனுக்குப் பூநாரைக் கூட்டமாகின்றது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நீரை வடித்து, சிற்றுயிர்களை அவை உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே இறகுகளுக்குச் செம்மை தருவது.

நகருக்குள் நுழைந்தால், 1560 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. சிறிது தொலைவில், பள்ளிமுனையில், பருத்த அடியுடைய பெருக்கமரம் ஒன்றுண்டு. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். தென்மேற்குக் காற்றில் பாய்விரித்து வந்து, வாடையில் தாயகம் திரும்பியவர்கள் அவர்கள்.

தலைமன்னார் வீதி வடமேற்காகச் செல்கின்றது. ஆதலால் வாடை வலக் காதில் ஓயாது மோதியது. வண்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலன்றி நேரே செல்ல இயலவில்லை. பேசாலையில் களைப்பாறியபோது முதிய மீனவர் ஒருவர், "தம்பி, வாடைக்கு வடகடல் கொதிக்கும், தென்கடல் படுக்கும். சோளகத்துக்கு மறுவளம்" என்றார். இரண்டு கடல்களுக்கு இடையே வாழ்வோரின் நாட்காட்டி அவ்வளவே!

இடப்புறத்தே, தென்கரையில், காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட 'தம்பபவனி' நிலையத்தில் 30 காற்றாலைகள் உள. அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரியாமல் மின்சாரம் கிடைப்பது பெரும்பேறே. ஆனால் மேலும் காற்றாலைகள் வேண்டாமென 2025 இல் தீவு மக்கள் போராடினர். வெள்ளம் வடியும் வழிகள் அடைபடுமே, மீன்பிடி குன்றுமே, பறவைகளின் வான்வழி மறிக்கப்படுமே என்பன அவர்தம் கவலைகள். நிலத்தைத் தாளில் வரைந்து பார்ப்போர் இவற்றை எளிதில் தள்ளிவிடக்கூடும். தாழ்ந்து கிடக்கும் அம்மணல்வெளியை மிதித்துக் கடந்தவனுக்கோ அக்கவலைகள் வெறும் அச்சமாகத் தோன்றா.

நண்பகலில் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தேன். 1914 முதல் புகைவண்டியும் கப்பலும் இணைந்து கொழும்பையும் சென்னையையும் பிணைத்த இடம் இது. 1964 டிசம்பர்ப் புயல் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியை அழித்தது. அப்புயலும் காற்றுத்தானே!

திரும்பும்போது காற்று இடக் காதில் மோதியது. அன்பர்களே, மன்னாருக்குச் சென்றால் ஒரு நாளேனும் துவிச்சக்கரவண்டியில் அத்தீவைச் சுற்றிப் பாருங்கள். பறவைக்கும், மீனவனுக்கும், மின்விளக்குக்கும் வேண்டியது ஒரே காற்று. அதனை எவ்வாறு பங்கிடுவது என்பதை, அதன் நடுவே வாழ்வோரைக் கேட்டுத் தீர்மானிப்பதே முறையாகும்.