உரியாத சட்டையும் உலர்ந்த காற்றும்

வயலோரத்துக் கல் இடுக்கிலும் வைக்கோற்போர் அடியிலும் கிடக்கும் பாம்புச் சட்டை பெரும்பாலும் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை முழுசாக இருக்கும். கண்களுக்கு மேலிருந்த இரண்டு வட்டச் செதில்கள்கூடத் தப்பாமல் அதோடு வந்திருக்கும். பெட்டிக்குள் வளரும் பாம்புக்கு இந்த வேலை பல நேரம் இவ்வளவு சுத்தமாக முடிவதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பிராணியாகப் பரவலாக வளர்க்கப்படும் பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பின் உடம்பில் பழைய தோல் திட்டுத் திட்டாக ஒட்டி நிற்பது, ஊர்வன மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் புகார். பார்க்கிற யாருக்கும் கை பரபரக்கும்; நகத்தால் நெம்பி இழுத்துவிடலாம் என்று தோன்றும். அந்த இழுப்பில்தான் பெரிய கேடுகள் தொடங்குகின்றன. உரியாத சட்டை தோலின் கோளாறாகத் தெரிந்தாலும், அதன் காரணம் பெரும்பாலும் தோலுக்கு வெளியே, பெட்டிக்குள் நிற்கும் காற்றில் இருக்கிறது. ஆகவே முதல் வைத்தியம் காற்றுக்குத்தான் செய்ய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளச் சட்டை எப்படிக் கழல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் உடம்பில் தோலின் மேலடுக்கு நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்கிறது. பாம்பில் அப்படியில்லை. பழைய தோலுக்கு அடியில் முழுமையான புதிய தோல் ஒன்று, செதிலுக்குச் செதில், முதலில் உருவாகிறது. அது முடிகிற கட்டத்தில் இரண்டுக்கும் நடுவே நிணநீர் போன்ற ஒரு திரவம் ஊறுகிறது; நொதிகள் அங்கே பிணைப்பை அரிக்கின்றன. இந்தத் திரவத்தால்தான் பாம்பின் நிறம் மங்குகிறது, கண்கள் பால் படிந்த நீலமாகின்றன. சில நாட்களில் கண் மறுபடி தெளிகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று நினைப்பவர்கள் உண்டு; உண்மையில் உரிப்பு நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்த சில நாட்களுக்குள் பாம்பு மூக்கைக் கல்லிலோ மரப்பட்டையிலோ தேய்த்து உதட்டோரத்தில் தோலை விடுவிக்கிறது. பிறகு காலுறையை உட்புறம் வெளியாகக் கழற்றுவதுபோல் அதிலிருந்து ஊர்ந்து வெளியேறுகிறது. தொடக்கம் முதல் முடிவுவரை ஏறத்தாழ இரண்டு வாரம். இதில் பாம்பின் பலத்தால் நடப்பது கடைசிச் சில நிமிடங்கள்தான். மற்றதெல்லாம் நீரின் வேலை. உடம்பில் நீர் குறைந்திருந்தால் நடுத்திரவம் போதுமான அளவு ஊறாது. காற்று வறண்டிருந்தால் பழைய தோல் விறைத்து, நெகிழாமல் கிழியும். கிழிந்த துண்டுகள் இருந்த இடத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பாம்பின் தோல் அடிப்படையில் நீரைக் காக்கும் வேலி என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கலிஃபோர்னியா கிங் பாம்புக் குட்டிகளில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிறந்தபின் முதல் சட்டையை உரித்த குட்டிகளின் தோல், நீர் ஆவியாவதை முன்னைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தடுப்பதை அது காட்டியது. தோலடுக்கில் அமைந்த கொழுப்புப் பொருட்களே அந்தத் தடுப்பு. ஆக, சட்டை உரிப்பது உடல் பெருப்பதற்கான ஏற்பாடு மட்டும் அல்ல. நீர் காக்கும் வேலியைப் புதுப்பிக்கும் வேலையும் அதுவே. வேலி கட்டி முடியும் முன்பே பழைய தோலை உரித்தெடுத்தால், முற்றாத தோலைக் காற்றுக்கும் கிருமிக்கும் காட்டுகிறோம். சில இடங்களில் செதிலே பெயர்ந்து ரத்தம் கசியும். அந்த இடம் தழும்பாகும். தழும்பான இடத்தில் அடுத்த சட்டையும் ஒட்டும். ஒரு முறை அவசரப்பட்டதன் விலையைப் பாம்பு ஒவ்வொரு உரிப்பிலும் கொடுக்கிறது.

இனி காற்றுக்கு வருவோம். குளிர்நாட்டு வீடுகளில் பனிக்காலத்தில் இந்தத் தொல்லை கூடுவதற்குப் பாம்பு காரணமல்ல, எளிய பௌதிகம் காரணம். பூஜ்யம் டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் தாங்கக்கூடிய நீராவி 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 22 டிகிரிக் காற்றோ 19 கிராமுக்கு மேல் தாங்கும். வெளியே ஈரத்தால் நிறைந்திருக்கும் காற்றைக்கூட உள்ளே இழுத்து ஹீட்டரால் சூடாக்கினால், நீராவி கூடாமல் தாங்கும் அளவு மட்டும் கூடுவதால், ஈரப்பதம் 25 விழுக்காட்டை ஒட்டி விழுந்துவிடும். அதே காற்று பாம்புப் பெட்டியின் விளக்கடியில் 32 டிகிரிக்குப் போகும்போது 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். டொரொன்டோவிலோ லண்டனிலோ பால் பைத்தான் வளர்க்கும் தமிழ் வீட்டுக்கும் இதே கணக்குதான். பால் பைத்தானுக்கு வேண்டியதோ சாதாரண நாட்களில் குறைந்தது 50, 60 விழுக்காடு. கண் நீலமாகும் நாட்களில் அதைவிடக் கூடுதல். அறையில் நமக்கு இதமாக இருப்பது விளக்கடியில் பாலைவனமாகிவிடுகிறது. இந்த வித்தியாசத்தைக் கைப்புலனால் உணர முடியாது. டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டியின் கூரையில் அல்ல, பாம்பு படுக்கும் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் முள் காட்டும் கருவிகளை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். பால் பைத்தானின் தாயகம் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகள்; கானா, டோகோ, பெனின் பகுதிகளில் மாதக்கணக்கில் மழையே இருக்காது; அங்கே யாரும் அதற்கு ஈரத்துணி போர்த்துவதில்லையே என்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பாம்பு பகலைக் கழிப்பது புல்வெளியின் மேலே அல்ல. எலி, அணில் வகைகள் விட்டுப்போன வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் அது அடைகிறது. மண்ணுக்கடியில் காற்று வெளியைவிட ஈரமாகவும் நிலையாகவும் இருக்கும். பிரான்சில் ஆஸ்ப் விரியன்களை அளந்து பார்த்தவர்கள், சட்டை உரிக்கும் கட்டத்தில் உடம்பிலிருந்து ஆவியாகும் நீர் கூடுவதைக் கண்டார்கள். அந்த நாட்களில் காட்டுப்பாம்பு ஈரமான பொந்தைத் தேடிப் போகலாம். காட்டில் அதற்குக் கிடைப்பது இந்தத் தேர்வு. நான்கடிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசமே இல்லாமல் வைத்துவிட்டு, ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்வது நேர்மையாகாது. தேர்வை எடுத்துக்கொண்டவர்கள் நாம்; திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களும் நாமே.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது, அனுபவமுள்ள வளர்ப்பாளர்களிடமிருந்து வருவது. ஈரம் ஈரம் என்று பெட்டியை நனைத்தே வைத்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கிளம்பி அழுகும், பூஞ்சை பிடிக்கும், மூச்சுக்குழல் நோய் வரும் என்கிறார்கள். உண்மை. ஆனால் அது நனைந்த தரையின் குற்றம். ஈரமான காற்றின் குற்றமல்ல. இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சிலர் பெட்டியை வறண்டுபோக விடுகிறார்கள், சிலர் சேறாக்குகிறார்கள். பெட்டி முழுவதையும் ஈரமாக்கத் தேவையில்லை. பாம்பு சுருண்டு நுழையும் அளவுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, உள்ளே நன்றாகப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியோ ஈரத் துண்டோ பரப்பி, வெதுவெதுப்பான பக்கம் வைத்தால் போதும். வேண்டுமென்றால் உள்ளே போகும், வேண்டாமென்றால் வெளியே வரும். வெளியே தரை காய்ந்திருக்கலாம். வலைமூடியில் ஒரு பாதியை மறைப்பது, தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்குவது, செய்தித்தாள் விரிப்புக்குப் பதில் தென்னை நார்த்தூள் போடுவது எல்லாம் உதவும். பாட்டிலால் நீர் தெளிப்பதை மட்டும் நம்பக்கூடாது. தெளித்தவுடன் ஈரப்பதமானியின் எண் ஏறும். விளக்கு எரியும் பெட்டியில் சீக்கிரமே இறங்கிவிடும். பாம்புக்கு மிஞ்சுவது ஏற்ற இறக்கம் மட்டுமே.

அப்படியும் சட்டை ஒட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? முதலில், கண் நீலமாக இருக்கும் நாட்களில் தொடவே வேண்டாம். பார்வை மங்கிய பாம்பு பயந்திருக்கும், தீனியை ஒதுக்கும், வழக்கத்துக்கு மாறாகக் கொத்தவும் கூடும். உரித்து முடிந்த பிறகும் துண்டுகள் இருந்தால், காற்றோட்டத் துளையுள்ள டப்பாவில் ஈரத் துண்டுகளை விரித்து, பாம்பை அதில் விட்டு, 27இலிருந்து 30 டிகிரிக்குள் ஓரிரு மணி நேரம் வைக்கலாம். துணி மடிப்புகளுக்கிடையே ஊரும்போது ஊறிய தோல் தானே வழியும். மீதமிருந்தால் ஈரத்துணியைக் கையில் தளர்வாகப் பிடித்து, துணி தலையிலிருந்து வால் நோக்கி உராயும்படி அதன் வழியே பாம்பை ஊரவிட வேண்டும். இழுக்கிற வேலை பாம்பினுடையது; நம் கை உராயும் பரப்பாக இருந்தால் போதும். வராத துண்டை விட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம். தொட்டியில் முக்கிவைக்கும் பழக்கமும் இருக்கிறது. ஆழமான நீர் பாம்பைக் களைப்பாக்கும், ஆளில்லாமல் விட்டால் மூழ்கவும் செய்யும். ஆறிய நீர் உடம்பைக் குளிரச் செய்யும். உடம்பின் பாதி உயரத்துக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீர், பக்கத்திலேயே ஆள் என்றால் சரி. எண்ணெய் தடவுவதை நான் ஏற்கமாட்டேன். அது மேல்பரப்பை வழுக்கலாக்கும்; உரிவதற்கு வேண்டிய உராய்வைக் கெடுத்து, அழுக்கையும் சேர்க்கும்.

கண்ணுக்குத் தனி விதி. பாம்புக்கு அசையும் இமை கிடையாது; இமைகள் ஒன்றாக இணைந்து ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதிலாகிக் கண்ணை மூடியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதன் மேலடுக்கு சட்டையோடு போக வேண்டும். போகாமல் நின்றால் கண் சுருக்கம் விழுந்து மங்கலாகத் தெரியும். ஒட்டும் நாடாவை ஒட்டி இழுப்பது, சாமணத்தால் நெம்புவது என்று ஏதேதோ யோசனை சொல்வார்கள். அடியில் இருக்கும் புதிய செதிலும் சேர்ந்து பெயர்ந்தால் விழிப்படலம் திறந்துபோகும். அந்தக் கண் பெரும்பாலும் தப்பாது. பழைய அடுக்கு ஒன்று தங்கியதால் உடனே குருடாவதில்லை என்பதை நினைவில் வைத்தால் அவசரம் அடங்கும். காற்றைச் சரிசெய்துவிட்டு அடுத்த உரிப்புவரை பொறுத்தால் பல நேரம் இரண்டு அடுக்கும் சேர்ந்தே கழன்றுவிடும். அடுத்தடுத்து இரு முறை தங்கினாலோ, கண் வீங்கினாலோ மருத்துவர் பார்க்கட்டும்.

‘அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொறுமைதானா?’ என்று கேட்டால், இல்லை. வால் நுனி விதிவிலக்கு. அங்கே தங்கிய தோல் வளையமாகக் காய்ந்து இறுகும். அடுத்த உரிப்பில் இன்னொரு வளையம் அதன்மேல் சேரும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கறுத்துச் செத்து விழுந்த பாம்புகள் உண்டு. ஆகவே வாலை அன்றே கவனிக்க வேண்டும். நனைத்த பஞ்சைச் சுற்றி, ஊறவிட்டு, நுனி நோக்கி மெல்ல உருட்டினால் வளையம் தளரும். ஏற்கெனவே நிறம் மாறியிருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. கண்ணுக்குப் பொறுமை வேண்டும், வாலுக்கு வேகம் வேண்டும். இரண்டுக்கும் பலப்பிரயோகம் வேண்டாம்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சாரையும் நல்லபாம்பும் மலைப்பாம்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். தோட்டத்தில் அரைகுறையாகச் சட்டை உரித்த பாம்பைப் பார்த்தால் உதவப் போகவே கூடாது. கண் மங்கிய நாகத்தை நெருங்குவது உயிருக்கே ஆபத்து. பால் பைத்தான், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினம். இந்தியாவில் வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பெட்டிகளில் அடைத்துக் கடத்திவரப்பட்ட பைத்தான்கள் நம் விமான நிலையங்களில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. நீர் கிடைக்காமல் நெடும்பயணம் செய்த அந்த உயிர்களின் நிலையை மேலே சொன்னவற்றிலிருந்தே ஊகிக்கலாம்.

ஈரப்பதம் சரியாக இருந்தும் சட்டை துண்டு துண்டாகவே வந்தால், காற்றைத் தாண்டி வேறு காரணங்களைத் தேட வேண்டும். பாம்பு உண்ணி என்னும் சிறு கறுப்புப் புள்ளிகள் கண் விளிம்பிலும் தாடைக்கு அடியிலும் அடைந்திருக்கலாம். பாம்பு தண்ணீர்த் தொட்டியிலேயே கிடப்பதும் அதற்கு ஓர் அறிகுறி. பெட்டியின் வெப்பம் குறைவாக இருக்கலாம், தீனி போதாமல் இருக்கலாம், மூக்கைத் தேய்க்கக் கரடுமுரடான கல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது கழன்ற சட்டையையும் எடுத்துப் போவது நல்லது. நீரில் நனைத்து விரித்தால் இரண்டு கண்செதில்களும் வால் நுனியும் வந்தனவா, எந்த இடத்தில் கிழிந்தது என்பது தெரியும். அதோடு பெட்டியின் இரு முனைகளிலும் எடுத்த வெப்ப, ஈரப்பத அளவுகளையும் கடைசியாக எப்போது தீனி எடுத்தது என்பதையும் எழுதிக் கொடுத்தால், எங்கே தேடுவது என்று மருத்துவருக்குத் தெரியும்.