தனித்தனியே காதிற் சொல்லப்பட்ட பிரசாரம்



தேர்தற் பிரசாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சுவரொட்டியும், ஒலிபெருக்கி பூட்டிய வண்டியும், பொதுக்கூட்ட மேடையுமே. இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. ஒரு பக்கத்தார் சொல்வதை மறுபக்கத்தாரும் கேட்கலாம். கேட்டபின் மறுநாள் அதே சந்தியில் நின்று மறுத்துரைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் வேண்டுமா, வேண்டாமா என்னும் வழக்கு இணையத்திற் புகுந்த பின்னர் இவ்வியல்பு எவ்வாறு கெட்டது என்பது பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம் வளர்வதை விரும்பாதாரை ‘ஐரோப்பிய ஐயவாதிகள்’ எனலாம். 1980களில் ஆங்கிலப் பத்திரிகைகளில் வழக்குக்கு வந்த ஒரு பெயரின் பொருள் இது. ஒன்றியத்தை விட்டே விலகவேண்டும் என்போரும் அவர்களுள் உளர்; உள்ளே இருந்துகொண்டே அதன் அதிகாரத்தைக் குறைக்கவேண்டும் என்போரும் உளர். தமக்குரிய சட்டங்களைத் தாமே ஆக்கவேண்டும் என்று ஒரு நாட்டு மக்கள் கருதுவது குற்றமன்று. ஆகவே அக்கொள்கை சரியா, பிழையா என்பதை இங்கு ஆராயப்போவதில்லை. அது எவ்வழியாக வாக்காளரை வந்தடைந்தது என்பதே நமது விடயம்.

முதலிற் பிரான்சு தேசத்தைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கென எழுதப்பட்ட அரசியலமைப்பை ஏற்பதா என்று 2005 மே 29ஆந் திகதி அங்கே சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. அவ்வாவணம் 448 உறுப்புரைகள் கொண்டது. பெரிய கட்சிகளின் தலைமையும், பெரும்பாலான பத்திரிகைகளும் ‘ஏற்க’ என்றே எழுதின. அவ்வேளை, மார்செய் நகரிலே மாணவருக்குச் சட்டம் கற்பித்து வந்த எத்தியேன் ஷுவார் என்னும் ஆசிரியர், அந்த ஆவணத்தை வாசித்துத் தமக்குப் பட்ட குறைகளைத் தமது இணையத்தளத்தில் எழுதினார். எக்கட்சியிலும் பெயர் பெற்றவர் அல்லர். எனினும் அவர் எழுதியது மின்னஞ்சல் வழியாகக் கைமாறி நாடெங்கும் பரவிற்று. அவர் வாதம் பிழையென்று சட்ட அறிஞர் சிலர் மறுப்பும் எழுதினர். அம்மறுப்பையும் அதே இணையத்திற் படிக்க முடிந்தது. ஈற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 55 பேர் அரசியலமைப்பை நிராகரித்தனர். அந்த ஆசிரியரால்தான் இது நிகழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர் எழுதியதை எவரும் வாசிக்கலாம், எவரும் எதிர்க்கலாம் என்ற நிலை இருந்தது. இணையத்தைப் புதியதொரு பொதுமேடை என்று பலர் அக்காலத்தில் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினொரு ஆண்டு கழித்துப் பிரித்தானியாவில் நடந்ததோ வேறு.

ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்னும் வாக்கெடுப்பு 2016 யூன் 23ஆந் திகதி அங்கே நடைபெற்றது. விலகல் பக்கத்தார் ஒரு சிவப்பு நிறப் பஸ் வண்டியில், கிழமைக்கு 35 கோடிப் பவுணை ஐரோப்பாவுக்கு அனுப்புகின்றோம், அதை நமது சுகாதார சேவைக்குக் கொடுப்போம் என்ற கருத்தை எழுதி ஊர் ஊராக ஓட்டினர். 1984இல் மார்கிரட் தட்சர் வாதாடிப் பெற்ற கழிவை நீக்காத தொகை அது. கழிவு முன்னரே கழிக்கப்படுவதால் அத்தனை பணம் ஒருபோதும் அனுப்பப்பட்டதில்லை. புள்ளிவிபர அதிகாரசபையே இக்கணக்கு மக்களை மயக்குவது என்று பிரசார காலத்திலேயே அறிவித்தது. பஸ்ஸின் எழுத்து மாறவில்லை. மறுத்தோரும் மறுக்கும்போதெல்லாம் அதே எண்ணை உச்சரிக்க நேர்ந்தது என்பது வேடிக்கை. இருந்தும், என் கருத்தில் அந்தப் பஸ் நேர்மையான பகையாளி. அது நடுத்தெருவில் நின்றது. அதைக் கண்டவர் அனைவரும் அதனோடு வாதிட முடிந்தது.

கண்ணிற் படாத விளம்பரங்களே சிக்கலானவை. விலகல் பக்கத்தின் பிரதான அமைப்பு தன் செலவிற் பெரும்பங்கைக் கனடாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் வாயிலாக முகநூல் விளம்பரங்களுக்குச் செலவிட்டது. வயது, வாழும் பகுதி, விருப்பு வெறுப்பு ஆகியவற்றால் மக்களைப் பிரித்து, அவரவர்க்கு ஏற்ற விளம்பரத்தை அவரவர் கைத்தொலைபேசிக்கு அனுப்புவது இம்முறை. ஏறக்குறைய நூறு கோடித் தடவை விளம்பரங்கள் காட்டப்பட்டன என்று அவ்வமைப்பை நடத்திய டொமினிக் கம்மிங்ஸ் பின்னர் எழுதினார். அரசியலில் நாட்டமில்லாதோரின் விபரங்களைத் திரட்டுவதற்கு உதைபந்தாட்டப் போட்டியொன்றும் நடத்தினர். ஐரோப்பியக் கிண்ணத்தின் 51 ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொல்பவருக்கு 5 கோடிப் பவுண் பரிசு! நடைமுறையில் இயலாத காரியம். ஆயினும் பங்குபற்றியோர் தம் பெயரையும் தொடர்பு விபரத்தையும் எழுதிக் கொடுத்தனர்.

அவ்விளம்பரங்கள் எத்தகையன என்பதை நாட்டார் அறிந்தது 2018 யூலையில், பாராளுமன்றக் குழுவொன்று அவற்றை வெளியிட்டபோதே. விலங்குகளிடம் அன்பு கொண்டவருக்கு எருதுப் போரின் படம்; துருவக் கரடியின் படம். தேநீர்ப் பிரியருக்கு, உங்கள் கேத்தலையும் பறிக்க வருகின்றனர் என்ற எச்சரிக்கை. குடிவரவை அஞ்சுவோருக்கு, துருக்கியின் 7 கோடி 60 இலட்சம் மக்கள் ஒன்றியத்திற் சேரவிருக்கின்றனர் என்ற செய்தி. துருக்கியைச் சேர்ப்பதற்கு அங்கத்துவ நாடு ஒவ்வொன்றும் இணங்கவேண்டும் என்பது அதிற் சொல்லப்படவில்லை. துருக்கி இன்றளவும் சேரவுமில்லை.

இங்கே நமக்கும் தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. பிரித்தானியாவில் வசித்த பொதுநலவாயப் பிரசைகளுக்கு அவ்வாக்கெடுப்பில் உரிமை இருந்தது. இலண்டனில் வாழ்ந்த இலங்கையர் வாக்களிக்கலாம். அவரது அயலில் இருபது ஆண்டு குடியிருந்த ஜேர்மானியர் வாக்களிக்க முடியாது. அதனாற்போலும், ஒன்றியத்தை விட்டால் தென்னாசியாவிலிருந்து சமையற்காரரை வருவிப்பது எளிதாகும், நமது கறிக்கடைகள் பிழைக்கும் என்று அமைச்சர் பிரீத்தி பட்டேல் வாதிட்டார். ஓரிடத்தில் வெளியார் வந்துவிடுவர் என்ற அச்சம். மற்றோரிடத்தில் வெளியார் வருவர் என்ற நம்பிக்கை. பட்டேலின் பேச்சு வெளிப்படையானது. ஆகையால் இம்முரண்பாட்டை இன்று நாம் எடுத்துக்காட்ட முடிகின்றது. தனித்தனிக் கைத்தொலைபேசியில் நிகழ்ந்த முரண்பாடுகளை அன்று யார் எடுத்துக்காட்டியிருப்பார்?

ஒருபக்கத்தை மட்டும் குறைகூறுவது முறையன்று. அரசாங்கமும் 90 இலட்சம் பவுணுக்கு மேற் செலவிட்டு, ஒன்றியத்தில் இருக்குமாறு வீடுதோறும் பிரசுரம் அனுப்பியது. விலகினால் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 4,300 பவுண் நட்டம் என்ற திறைசேரியின் மதிப்பீட்டையும் பொருளியலாளர் சிலர் கடிந்தனர். எனினும் அப்பிரசுரம் எல்லார் வீட்டுக்கும் ஒன்றாகவே சென்றது. ஆதலால் எல்லாரும் அதைத் திட்ட முடிந்தது.

முடிவு நீங்கள் அறிந்ததே. நூற்றுக்கு 51.9 பேர் விலகலுக்கு வாக்களித்தனர். வித்தியாசம் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் வாக்கு. விளம்பரங்களே இதனைச் செய்தன என்று எவரும் நிறுவவில்லை. பத்திரிகைகள் பல்லாண்டாக விதைத்ததும், தொழில் நலிந்த வட இங்கிலாந்து நகரங்களின் மனக்குறையும் அவற்றினும் பெரிய காரணங்கள் என்பதே என் எண்ணம். ஆனால், வேறொரு குழுவின் மூலம் அதே கனடா நிறுவனத்துக்குப் பணம் செலுத்திச் செலவெல்லையை மீறியதாகத் தேர்தல் ஆணைக்குழு கண்டு, அவ்வமைப்புக்கு 2018இல் 61,000 பவுண் தண்டம் விதித்தது. வாக்கெடுப்பு முடிந்து ஈராண்டு கழிந்திருந்தது.

பிரித்தானியாவில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரசியல் விளம்பரத்தைப் பணம் கொடுத்து ஒலி, ஒளி பரப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பணமுள்ளவன் குரலே ஓங்கிவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். அச்சட்டம் இணையத்தைத் தொடவில்லை. இணைய விளம்பரத்தை வெளியிட்டவர் யார் என்பதை அதிலேயே குறிக்கவேண்டும் என்ற விதி 2023 நவம்பரிலேதான் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, அரசியல் விளம்பரத்துக்கு யார் பணம் கொடுத்தார், யாரைக் குறிவைத்தார் என்பவற்றை வெளியிடவேண்டும் என்று சட்டமியற்றி, 2025 ஒக்டோபரில் அமுலாக்கியது. முகநூலை நடத்தும் மெட்டாவும் கூகிளும் அந்நிபந்தனைகள் இயலாதவை என்று கூறி, ஒன்றிய நாடுகளில் அரசியல் விளம்பரம் ஏற்பதையே நிறுத்திக்கொண்டன. பணம் பெறாது தம் சொந்தக் கருத்தை எழுதுவோரை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. மார்செய் ஆசிரியர் எழுதியது போன்றவற்றை ஐயவாதிகளும் அவர்களை மறுப்போரும் இன்றும் எழுதலாம்.