இரண்டு விரற்கடை குறைந்த கயிறு

ஆயர்பாடியில் ஒரு காலைப்பொழுது. நந்தகோபரின் இல்லத்துப் பணிப்பெண்கள் அனைவரும் வேறு வேலைகளில் ஈடுபட்டிருந்ததால், யசோதை தானே தயிர் கடைய முற்பட்டாள். கண்ணன் ஓடிவந்து மத்தைப் பற்றிக்கொண்டு பால் கேட்டான். அவனை மடியில் இருத்திப் பாலூட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பிலிருந்த பால் பொங்கியது. பசி தீராத பிள்ளையை இறக்கிவிட்டு அவள் அடுப்படிக்கு விரைந்தாள். திரும்பி வருவதற்குள் தயிர்ப்பானை உடைந்து கிடந்தது. கண்ணனோ கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் இருந்தபடி, குரங்குக்கு வெண்ணெயை வாரி வழங்கிக்கொண்டிருந்தான்.

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம், ஒன்பதாவது அத்தியாயம் விவரிக்கும் லீலை இது. கண்ணனின் குறும்பாகவே பலகாலம் கேட்டு மகிழ்ந்த இக்கதையைத் தாயின் பக்கம் நின்றும் பார்க்கலாம். ஒருபுறம் அழும் பிள்ளை, மறுபுறம் பொங்கும் பால், கை கொடுக்க ஆளில்லை. இன்று பல வீடுகளில் இளம் தாய்மார்கள் இருக்கும் நிலையும் இதுவே.

நாங்கள் வளர்க்கவில்லையா?

விடியும் முன் எழுந்து சமையல், பிள்ளைக்கு மதிய உணவு, அலுவலகம், மாலையில் வீட்டுப்பாடம், பாட்டு வகுப்பு, சுலோக வகுப்பு. இவற்றில் எதிலும் குறை வரக்கூடாது என்ற கவலை வேறு. பிள்ளை சரியாக உண்ணாவிட்டாலும், மதிப்பெண் குறைந்தாலும், சளி பிடித்தாலும், “நான்தான் சரியில்லை” என்று தன்னையே நொந்துகொள்கிறாள் தாய். தந்தையரில் சிலருக்கும் இந்த மனவாட்டம் உண்டு.

இப்படித் தளர்ந்து நிற்பவளிடம், “நாங்கள் நான்கு பிள்ளைகளை வளர்க்கவில்லையா?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டுவிடுகிறார். கேட்பவர் மனத்தில் தீய எண்ணம் இல்லை. ஆனால், அந்த நான்கு பிள்ளைகளையும் அவர் தனியாகவா வளர்த்தார்? மாமியார், நாத்தனார், ஓரகத்தி, கிணற்றடியில் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்ட அடுத்த வீட்டு அம்மாள் என எத்தனை கைகள் இருந்தன! இன்றைய அடுக்ககத்தில் கதவைச் சாத்திவிட்டால் தாயும் பிள்ளையும் மட்டுமே.

பெல்ஜியம் நாட்டு உளவியல் அறிஞர்களான இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகிய இருவரும் பெற்றோரின் இத்தகைய மனச்சோர்வை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, பிள்ளையிடமிருந்து மனம் விலகிப்போதல், வளர்ப்பதில் இருந்த இன்பம் வற்றுதல், “முன்பு நான் இப்படி இல்லையே” என்ற ஏக்கம் ஆகியவற்றை அதன் அடையாளங்களாக அவர்கள் குறிப்பிடுகின்றனர். இவை பாசக் குறைவால் வருபவை அல்ல. பாசத்தின் பெயரால் அளவுக்கு மீறிச் சுமந்ததன் விளைவாகவும் வரக்கூடியவை.

கயிற்றின் குறை யாருடையது?

கோலெடுத்துத் துரத்திய யசோதை, மை கலைய அழுத பிள்ளையின் அச்சத்தைக் கண்டதும் கோலை எறிந்துவிட்டாள். உரலோடு கட்டலாம் என்று கயிறு எடுத்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. இன்னொரு கயிற்றை முடிந்தாள். அப்போதும் அதே இரண்டு விரற்கடை. வீட்டிலுள்ள கயிறுகளை எல்லாம் இணைத்தும் குறை மாறவில்லை. உடல் வியர்த்தது, கூந்தல் மலர்கள் உதிர்ந்தன. தாயின் களைப்பைக் கண்ட கண்ணன், மனமிரங்கித் தானே கட்டுண்டான். அதனால் தாமோதரன் என்ற திருநாமம் பெற்றான்.

அந்த இரண்டு விரற்கடையில் ஒன்று மனித முயற்சி, மற்றொன்று இறைவன் திருவருள் என்று ஆன்றோர் விளக்கம் தருவர். எவ்வளவு கயிறு சேர்த்தாலும் ஒரு குறை எஞ்சியே நிற்கும். அது தாயின் குற்றமன்று. அருள் வந்து நிரப்ப வேண்டிய இடம் அது. அன்று அவள் களைத்துக் கட்டிய அந்தக் கட்டே, உரலை இழுத்துச் சென்ற கண்ணனால் மருத மரங்களாக நின்ற இருவர் சாபம் நீங்கவும் வழிசெய்தது.

தாயும் ஆனவர்

அருள் எவ்வாறு வந்து நிரப்பும் என்பதைத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தல வரலாறு காட்டுகிறது. பேறுகால வலியில் இருந்த ரத்னாவதிக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரியின் பெருவெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட நேர்ந்தது. சிவபெருமான் அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது, “ஏன் தாமதித்தாய்?” என்று ஈசன் கேட்கவில்லை. வரமுடியாதவளின் இடத்தில் தாம் நின்றார். அவள் வந்ததும் மறைந்தருளினார். தாயுமானவர் என்ற பெயர் நிலைத்தது. இன்றும் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சமர்ப்பிக்கும் பக்தர்கள் அங்கு உண்டு.

தாத்தா, பாட்டியர் செய்யக்கூடிய தொண்டும் இதுவே. மாலையில் பேரப்பிள்ளையைக் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றால், தாய்க்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். “இன்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படுத்துக்கொள்” என்ற ஒரு சொல்லுக்குப் பத்து அறிவுரைகளின் பலன் உண்டு. உடல் தளர்ந்து எதுவும் செய்ய இயலாத மூத்தவர்களும், குறை சொல்லாமல் இருத்தலையே உதவியாகச் செய்யலாம். நாள்கணக்கில் உறக்கமின்றி அழுதாலோ, பிள்ளையிடம் கட்டுக்கடங்காத சினம் எழுந்தாலோ, பக்தி போதவில்லை என்று சொல்லிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

உரலடியில் நின்ற சின்னஞ்சிறு பிள்ளையின் கண்ணுக்கு அன்னையின் களைப்பு தெரிந்தது. வீட்டில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களின் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும்.