சிந்தாக் குவளை: வடிவமும் பயனும்

விந்தையான வடிவமெல்லாம் வீணான வடிவமன்று. யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியை முதன்முறை காண்போர் நகைத்தல் கூடும். உதடு படாது அண்ணாந்து பருகுதற்கே அம்மூக்கு அமைந்ததென அறிந்தபின் நகைப்பு அடங்கும். இன்று கடைகளில் விற்கப்படும் சிந்தாக் குவளைகளையும் அவ்வாறே அவற்றின் பயன் நோக்கி மதித்தல் வேண்டும். அடி அகன்றவை, வாய் குறுகியவை, மூடியிட்டவை, அடியில் உறிஞ்சுதட்டுப் பொருத்தியவை என அவை பலதிறத்தன.

இவற்றைச் சோதித்தற்கு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் தக்கதொரு களமாகும். ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் சரிவுகளிற் கொழுந்து பறிப்போருக்குக் கலத்தை வைக்கச் சமதரை கிடைத்தல் அரிது. வழவழப்பான மேசையிற் பற்றிக்கொள்ளும் உறிஞ்சுதட்டு ஈரமண்ணிற் பயன்படாது. அகன்ற அடி கலம் கவிழ்வதைத் தடுக்கும். ஆயினும் கவிழாமை வேறு, சிந்தாமை வேறு. கலம் சாய்ந்தாலும் திரவத்தின் மேற்பரப்புக் கிடையாகவே நிற்கும். 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளைக் குவளையை 30 பாகைச் சரிவில் வைப்பின், தாழ்ந்த பக்கத்தில் தேநீர் ஏறத்தாழ 2.3 சென்ரிமீற்றர் உயரும். கழுத்து 4 சென்ரிமீற்றராகக் குறுகித் தேநீர்மட்டமும் அதனுள் அமையுமாயின், உயர்வு 1.2 சென்ரிமீற்றரளவே.

நடக்கும்போது நிகழ்வது யாது? கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த மேயர், கிரெச்செற்னிக்கொவ் என்னும் இருவர் 2012 இல் இதனை ஆராய்ந்தனர். சாதாரணக் கோப்பையிலுள்ள திரவத்தின் இயல்பான அலைவு மனித நடையின் அலைவோடு இயைந்து பெருகுவதால், பெரும்பாலும் ஏழாம் அடிக்கும் பத்தாம் அடிக்கும் இடையிற் சிந்துகின்றது என்று கண்டனர். குறுகிய கலத்தில் அலைவு விரைவாதலின், அவ்வியைபு குறையும்.

எனினும் குறுகிய வாய்க்குக் குறைகளும் உள. கை நுழையாத கலத்தைக் கழுவுதல் கடினம். பாற்றேநீரின் எச்சம் உள்ளே தங்கிப் புளிக்கும். மூடியோ வெப்பத்தை உள்ளடக்கி ஆவியை மறைக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதிக்குமாயினும், நாவைச் சுடுதற்கு அதுவே மிகையாகும்.

இக்குறைகளுக்கெல்லாம் காரணம் ஒன்றே. சுமத்தற்குக் குறுகி மூடிய வாய் வேண்டும். ஆற்றிப் பருகுதற்கு அகன்று திறந்த வாய் வேண்டும். முரண்பட்ட இரு தொழில்களை ஒரே குவளையின்மேற் சுமத்துகின்றோம். தேத்தண்ணீரைப் போத்தலில் இறுக அடைத்து மலைக்குக் கொண்டுசென்று, வேண்டுமளவு கோப்பையில் ஊற்றிப் பருகும் தொழிலாளர் அவ்விரண்டையும் பிரித்துவிட்டனர். புதுக் குவளை வாங்க விழைவோர் அப்பழைய போத்தலை ஒருமுறை நினைத்தல் நன்று.